மாப்ளே, அடுப்பைக் கொஞ்சம் தாழ்த்துங்க

வாங்க மாப்ளே, வாங்க. ரெண்டு கையிலயும் பையோட வர்றதைப் பார்த்தா ஊருக்கே விருந்தாட்ட இருக்குது. அம்முணி காலையிலயே சொன்னாளுங்க, "அப்புச்சி, இன்னைக்கு ராத்திரி சமையல் அவருதான். சிக்கன் ஆல்ஃபிரெடோ பண்றாரு"ன்னு. பொண்டாட்டி பிள்ளை பெத்துப் படுத்திருக்கையில அடுப்படிக்கு வர்ற ஆம்பளையை எங்க பெருந்துறைப் பக்கம் நான் பார்த்ததில்லீங்க. எங்க காலத்துல பிள்ளை பொறந்த ஊட்டுல ஆம்பளைக்கு இருந்த ஒரே வேலை, ஆசாரத்துல கட்டிலைப் போட்டு உக்காந்து, வர்ற ஒறம்பரைக்குச் சர்க்கரை குடுக்கறது. அதுலயும் பாதியை நாங்களே தின்னுபோடுவோம்.

நீங்க பண்ணுங்க. நான் குறுக்கே வரலை. இந்த ஸ்டூல்ல ஓரமா உக்காந்துக்கறேன். வெளிய போலாம்னா ஒஹாயோக் குளிரு காதைப் புடுங்குது. ஊட்டுக்குள்ள வெதுவெதுன்னு இருக்கற எடம் இந்த அடுப்படிதான். என்ற சம்சாரம், உங்க அமுச்சி, மாடியில பாப்பாவைத் தூங்க வெச்சுப்போட்டு அவங்களும் கண்ணசந்துட்டாங்க. அவங்க எறங்கி வர்ற வரைக்கும் நமக்குச் சொதந்தரம். பழமை பேசிக்கிட்டே வேலையைப் பாருங்க.

பையில என்னதான் இருக்குது, எடுத்து வெய்ங்க பார்க்கலாம். நாடாவாட்ட இருக்கற நூடுல்ஸ், சரி. கோழி, சரி. பூண்டு, வெண்ணெய், கிரீமு... இதென்னங்க பாட்டில்ல வெள்ளையா? ஆல்ஃபிரெடோ சாஸா? அட! அப்பறம் எதுக்குங்க கிரீமு, வெண்ணெய் எல்லாம்? பயத்துக்கா? பரீட்சைக்குப் போற பையன் சட்டைக்குள்ள துண்டுச் சீட்டு வெச்சுக்கறது நாங்களும் பார்த்ததுதானுங்க. அந்தப் பாட்டிலை அப்படியே அலமாரிக்குள்ள வெய்ங்க. இருக்கட்டும், ஆபத்துக்கு ஆகும்.

பாட்டிலு, டப்பான்னு நான் கேலி பண்ணலை. இந்த ஊர்க்காரங்க அதுல கெட்டிக்காரங்க. 1897ல டோரன்ஸ்னு ஒரு வேதியியல் படிச்ச ஆளு, கேம்பெல் கம்பெனியில சூப்புல இருக்கற தண்ணியைச் சுண்ட வெச்சு எடுத்துப்போட்டு, கெட்டியை மட்டும் சின்ன டப்பாவுல அடைச்சு வித்தாராமா. வாங்கறவங்க ஊட்டுல தண்ணி ஊத்திக்கணும். அம்முணி போன்ல படிச்சுக் காட்டறப்போ எனக்கு மனசே ஆறலீங்க. எங்க ஊர்ல பால்ல தண்ணியைச் சேர்த்து வித்தவன் மாடி கட்டினான். இங்க தண்ணியை எடுத்து வித்தவன் கோடீஸ்வரன் ஆயிட்டான். ரெண்டு பேருக்கும் தொழிலு தண்ணிதான்; நடுவுல நான் மட்டும் அந்தத் தண்ணியை மஞ்சளுக்குப் பாய்ச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இந்த ஆல்ஃபிரெடோ யாருன்னு தெரியுங்களா? ரோம் நகரத்துல ஒரு சமையல்காரருங்க, ஆல்ஃபிரெடோ டி லேலியோ. 1908ல அவரோட சம்சாரம் இனேஸ் பிள்ளை பெத்துப்போட்டு, சோறு எறங்காமப் படுத்திருந்தாங்களாமா. மனுசன் என்ன பண்ணினாரு, முட்டை போட்டுப் பிசைஞ்ச நாடா நூடுல்ஸை வேக வெச்சு, வெண்ணெய், பார்மேசான் சீஸ் ரெண்டே ரெண்டைப் போட்டுக் கிளறி ஊட்டி உட்டிருக்காரு. அந்தம்மா தெம்பாகி எந்திரிச்சு, இதைக் கடையிலயே போட்டா என்னன்னு கேட்டாங்கன்னு அவங்க குடும்பத்துல சொல்றாங்க. 1914ல அவரு வியா டெல்லா ஸ்க்ரோஃபாங்கற தெருவுல சொந்தமாக் கடை போட்டாரு. 1920ல மேரி பிக்ஃபோர்டு, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ்னு ரெண்டு சினிமாக்காரங்க கல்யாணம் பண்ணித் தேன்நிலவுக்குப் போயி, அங்க தின்னு மயங்கி, அப்பறம் தங்கத்துலயே கரண்டியும் முள்கரண்டியும் குடுத்தாங்களாமா. அதைப் பார்த்த அமெரிக்காக்காரங்க எல்லாரும் ரோமுக்குப் போனா அவரு கடை வாசல்ல நின்னாங்க.

கவனிச்சீங்களா? நீங்க இன்னைக்குப் பண்றதும் பிள்ளை பெத்தவளுக்கு. ஆல்ஃபிரெடோ பண்ணினதும் பிள்ளை பெத்தவளுக்கு. இது பத்தியச் சாப்பாடுங்க மாப்ளே! இதை நல்லா ஞாபகத்துல வெய்ங்க. மாடியில இருந்து எறங்கி வர்றவங்ககிட்டச் சொல்றதுக்கு நமக்கு இருக்கற ஒரே வக்கீல் பாயிண்ட் இதுதான். அமுச்சி பேறுகாலத்துக்குன்னு ஊர்ல இருந்து கருவாட்டைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்து ஏர்போர்ட்ல தொலைச்சவங்க. இன்னும் அந்தக் கோவம் தீரலை. இந்த நேரத்துல போயி "பாஸ்தா"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா வெச்சுக்குங்க, அவ்வளவுதான். "பூண்டு ஜாஸ்திங்க அமுச்சி, மிளகு ஜாஸ்திங்க, மிளகாய் ஒண்ணுகூட இல்லீங்க"ன்னு ஆரம்பிக்கணும். அதனால பூண்டு நாலு பல்லு உரிச்சிருக்கீங்களே, அதை எட்டாக்குங்க. தாய்ப்பாலுக்குப் பூண்டு நல்லதுன்னு அவங்க வாயாலயே சொல்லுவாங்க. நாம தலையை மட்டும் ஆட்டணும்.

ரோம்ல இந்தச் சங்கதியில கிரீமும் கிடையாது, கோழியும் கிடையாதுங்க. அதெல்லாம் கப்பல் ஏறி இங்க வந்த பொறவு ஒட்டிக்கிட்டது. நூடுல்ஸ் மேல கோழியை வெச்சா இத்தாலிக்காரங்க மூஞ்சியைச் சுளிக்கறாங்களாமா. சுளிக்கட்டும். ஒட்டிக்கிட்டது ருசியாத்தான் இருக்குது. என்ற பேத்தியும் ஊரு விட்டு ஊரு வந்து உங்களோட ஒட்டிக்கிட்டாளே, நான் ஏதாவது சொன்னனுங்களா?

சரி, கோழிக்கு வருவோம். நெஞ்சுக்கறியா வாங்கியிருக்கீங்க. ஜிம்முக்குப் போற உடம்பு, வேற என்ன வாங்குவீங்க. எலும்பு இல்லாத தொடைக்கறி வாங்கியிருந்தா கொஞ்சம் அசந்தாலும் மன்னிச்சு உட்டுடும்; நெஞ்சு மன்னிக்காது, ரெண்டு நிமிசம் கூடிப்போனா தேங்கா நாரு. போச்சாது, வாங்கினது வாங்கினதுதான். ஒரு ஓரம் தடியா, ஒரு ஓரம் மெலிசா இருக்குது பாருங்க. கத்தியைப் படுக்க வெச்சு நடுவுல பொளந்து ரெண்டா எடுங்க. உப்பு, மிளகு ரெண்டையும் இப்பவே தடவி அரை மணி நேரம் உட்டுடுங்க. கடைசியில சாஸ்ல போடற உப்பு கறிக்குள்ள போகாதுங்க.

என்னங்க, குழாயடிக்கு எடுத்துட்டுப் போறீங்க? கழுவவா? இந்த ஒரு விசயத்துல அமுச்சிக்கும் அமெரிக்க சர்க்காருக்கும் ஒத்தே போகாது. அமுச்சி மஞ்சத்தூளைப் போட்டு அலசி அலசி எடுப்பாங்க, தண்ணி கண்ணாடியாட்டம் வர்ற வரைக்கும். இந்த ஊர் வேளாண்மைத் துறைக்காரங்க, கோழியைக் கழுவவே கழுவாதீங்க, தண்ணி தெறிச்சுக் கிருமி அடுப்படி பூராப் பரவுது, வேகற சூட்டுலயே எல்லாம் செத்துப்போகும்ங்கறாங்க. பச்சைப்புள்ளை இருக்கற ஊடு, இந்தத் தடவை சர்க்காரு பக்கம் நில்லுங்க. பேப்பர்ல ஒத்தி ஈரத்தை எடுங்க. ஈரம் இருந்தாக் கறி பழுப்பா வதங்காது, வெந்து வெளுத்துப்போகும். கழுவினீங்களான்னு அமுச்சி கேட்டா நீங்க வாயைத் தொறக்காதீங்க. என்னைப் பாருங்க. நான் பார்த்துக்கறேன்.

இப்ப அகலமான சட்டியில கொஞ்சம் எண்ணெய். நல்லா சூடு ஏறட்டும். கறியை வெச்சுப்போட்டுக் கையை எடுத்துடுங்க. கிண்டாதீங்க, பொரட்டாதீங்க, தூக்கித் தூக்கிப் பார்க்காதீங்க. புதுப்பொண்டாட்டியா அது, நிமிசத்துக்கு ஒருக்கா எட்டிப் பார்க்க? அடிப்பக்கம் பொன்னிறமானா அதுவே சட்டியை உட்டுக் கெளம்பும். அப்பறம் திருப்புங்க. அந்தக் குத்திப் பார்க்கற தெர்மாமீட்டர் எங்கீங்க? அதைக் கறியோட நடுவுல குத்தி 74 டிகிரி காட்டினாப் போதும். இவங்க கணக்குல 165 ஃபாரன்ஹீட். எங்க காலத்துல குத்திப் பார்க்கற கருவி வெரலுதான். அதுக்கு பேட்டரி தேவைப்படாது, ஆனா அப்பப்போ சுடும்.

எடுத்துத் தட்டுல வெச்சு அஞ்சு நிமிசம் ஆற உடுங்க. இப்பவே அறுத்தா சாறு பூரா பலகைக்குப் போயிடும். சட்டியை மட்டும் கழுவிப்போடாதீங்க! அடியில பழுப்பா ஒட்டியிருக்குது பாருங்க, அந்தப் பொருக்குதான் இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டோட ருசி. அதைத் தேய்ச்சு ஊத்திட்டு அப்பறம் பாட்டிலைத் தேடறவங்கதான் ஊர்ல பாதிப்பேரு.

அக்கட்டால இருக்கற அடுப்புல பெரிய போசியில தண்ணி வெச்சுட்டீங்களா? நாலு பேருக்கு 400 கிராம் நூடுல்ஸ்னா நாலு லிட்டர் தண்ணி, 40 கிராம் உப்புன்னு இத்தாலியில ஒரு கணக்கு. நான் சொல்றது, தண்ணி கொஞ்சம் கொறைச்சலா, ஒரு லிட்டர் கம்மியா வெய்ங்க. உப்பையும் பாதியாக்குங்க. ஏன்னு பொறவு தெரியும். டப்பா மேல பன்னெண்டு நிமிசம்னு போட்டிருந்தா பத்துல எடுங்க. மிச்ச ரெண்டு நிமிசம் சாஸ்ல வேகட்டும்.

எங்க சந்தகைக்கு இந்த நிமிசக் கணக்கெல்லாம் கெடையாதுங்க. புழுங்கலரிசியை ஆட்டி, ஆவியில வேக வெச்சு, சூடு ஆறறதுக்குள்ள மெசின்ல போட்டு ரெண்டாள் சேர்ந்து திருகணும். அமுச்சி மாவைப் போடுவாங்க, நான் திருகுவேன். ஆறிப்போச்சுன்னா கைப்பிடி நகராது. அதுக்கும் திட்டு எனக்குத்தான் உழும். தேங்காப்பாலு ஊத்தி ஒரு வாயி, கோழிக்கொழம்பு ஊத்தி ஒரு வாயி. நாடா நூடுல்ஸு, வெள்ளைச் சாறு, கோழின்னு நீங்க இங்கிலீசுல பண்றதை எங்க ஊட்டுல நோம்பிக்கு நோம்பி தின்னுக்கிட்டுத்தான் இருந்தோம். போட்டோ எடுக்கலை, அது ஒண்ணுதான் கொறை.

ஆ! நில்லுங்க மாப்ளே! கையை எடுங்க, வடிகட்டியை வெய்ங்க! அந்தத் தண்ணியை ஊத்திப்போடாதீங்க! அப்பா... உசுரு போயி வந்துச்சு. பாதி சிங்க்குல போயிடுச்சு, பரவால்ல, ரெண்டு டம்ளர் இருக்குது, அது போதும். கலங்கலா, கொழகொழன்னு இருக்குதா? நூடுல்ஸ்ல இருந்து எறங்கின மாவுங்க அது. தண்ணியைக் கொறைச்சு வெய்ங்கன்னு சொன்னது இதுக்குத்தான், கஞ்சி கெட்டியா வரும். உங்க வெண்ணெயும் சீஸும் எண்ணெய் தனியா, தண்ணி தனியா சண்டை போடாம ஒண்ணாச் சேரணும்னா நடுவுல இந்தக் கஞ்சித்தண்ணி நிக்கணும். சோத்தை வடிச்சுக் கஞ்சியைச் சாக்கடைக்கு அனுப்பறதை எங்க ஆத்தா பார்த்திருந்தா அன்னைக்கு எங்களுக்குச் சோறே கெடையாது.

நான் சொன்னா "பெருசு ஒளறுது"ம்பீங்க. இத்தாலிக்கார விஞ்ஞானிங்க எட்டுப் பேரு உக்காந்து, சீஸும் மிளகும் போட்டுக் கிளறற "காச்சோ எ பெப்பே"ங்கற பாஸ்தா ஏன் கட்டிகட்டியாத் திரியுதுன்னு ஆராய்ச்சி பண்ணி, இயற்பியல் பத்திரிகையில கட்டுரையே எழுதியிருக்காங்க. 100 கிராம் சீஸுக்கு 2, 3 கிராம் மாவுச்சத்து இருந்தாச் சாறு பிரியாம நிக்குதாம். ஒரு கிராமுக்குக் கீழ போனா சூடு ஏறறப்போ கட்டியாயிடுதாம். அதுக்கு 2025ல இக் நோபல் பரிசும் குடுத்தாங்க, அதாவது மொதல்ல சிரிக்க வெச்சு அப்பறம் யோசிக்க வெக்கற ஆராய்ச்சிக்குக் குடுக்கறது. எங்க ஆத்தாளுக்கு யாரு பரிசு குடுத்தா? கஞ்சித்தண்ணியில உப்புப் போட்டுக் குடிக்கக் குடுத்ததுக்கு நாங்க மூஞ்சியைத்தான் திருப்பினோம்.

இப்ப சாறு. கோழி வதக்கின சட்டியில 50 கிராம் வெண்ணெய். அடுப்பு தாழ்வா. பூண்டைப் பொடியா அரிஞ்சு போடுங்க. வாசம் வந்தாப் போதும், செவந்தாக் கசக்கும். ஒரு கரண்டி கஞ்சித்தண்ணியை ஊத்தி அடியில ஒட்டினதைச் சொரண்டி உடுங்க. பார்த்தீங்களா, வெள்ளைக் கஞ்சித்தண்ணி எப்படி வெளிர்ப்பழுப்பாச்சுன்னு! கிரீமு ஊத்துங்க, ஒரு கப்பு. எது ஊத்தறீங்க? டப்பாவைக் காட்டுங்க. ஹெவி கிரீமா, சரி. இந்த ஊர்ச் சட்டப்படி அதுல 36 சதவீதத்துக்குக் கொறையாமக் கொழுப்பு இருந்தாகணும், கொதிச்சாலும் திரியாது. அக்கட்டால ஃபிரிட்ஜ்ல காப்பிக்குன்னு வெச்சிருக்கீங்களே ஹாஃப் அண்ட் ஹாஃபு, கொழுப்பைக் கொறைக்கறேன்னு அதை ஊத்தினீங்கன்னா திரிஞ்சு நிக்கும். கொழுப்பு கொறைக்கணும்னா நாளைக்கு நடங்க. இன்னைக்கு ஊத்துங்க.

ரெண்டு மூணு நிமிசம் மெதுவாக் கொதிச்சு, கரண்டிக்குப் பின்னால பூசினாப்புல நிக்கும். நூடுல்ஸை உள்ள போட்டு அந்த மிச்ச ரெண்டு நிமிசம் வேக உடுங்க. இப்ப அடுப்பை அணைங்க. அணைங்கன்னா அணைங்க மாப்ளே, தாழ்த்தறது இல்லை. சீஸு கொதிக்கற சட்டியில உழுந்தா சாறு ஆகாது, மாட்டுக் கயிறுதான் ஆகும். அணைச்ச பொறவு சீஸை ஒரு பிடி, ஒரு கிளறு, ஒரு கரண்டி கஞ்சித்தண்ணி, மறுபடி ஒரு பிடின்னு போடுங்க. மொத்தம் 100 கிராம் தாராளம்.

அட, இந்த டப்பாத் தூளையா போடப் போறீங்க? கண்ணாடியைப் போட்டுப் பொடி எழுத்தைப் படிச்சனுங்க. செல்லுலோஸுன்னு போட்டிருக்குது. தூளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாதுன்னு சேர்க்கறாங்க. டப்பாவுக்குள்ள ஒட்டாத சாமான் சட்டிக்குள்ள மட்டும் ஒட்டுமா? கட்டியா ஒண்ணு, காகிதம் சுத்தி வாங்கிட்டு வந்தீங்களே போன வாரம், அதைத் துருவுங்க. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோன்னா கொறைஞ்சது பன்னெண்டு மாசம் பழுக்க வெச்ச சரக்கு. ஒரு சக்கரம் 40 கிலோ பக்கம் இருக்குமாமா. துருவறப்போவே வாசம் வருது பாருங்க. இந்த வாசம் எனக்கு மொதல்ல புடிக்கலைதான். இப்ப ராத்திரி தூக்கம் வரலைன்னா ஒரு துண்டு வாயில போட்டுக்கறேன். நேத்துக் கட்டி சின்னதாயிருந்துச்சேன்னு நீங்க யோசிச்சிருப்பீங்க. எலி ஒண்ணும் இல்லீங்க.

அமுச்சி விசயம் ஒண்ணு. சனிக்கிழமை அவங்க கறி தொடமாட்டாங்க, உங்களுக்கே தெரியும். அந்த அசல் சீஸ்ல பாலைத் திரிய வெக்கறதுக்குக் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட்டைத்தான் சேர்ப்பாங்க. அங்க சட்டமே அதுதான். அதனால சனிக்கிழமை அவங்க ரொட்டி மேல இதைத் தூவிப்போடாதீங்க. ஏன் தூவலைன்னு கேட்டாத் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுங்க. காரணத்தைச் சொல்லிப்போட்டா மத்த ஆறு நாளும் நமக்கும் கெடைக்காது.

கோழியைக் குறுக்கால அறுத்து மேல வெய்ங்க. உப்பைக் கடைசியில பாருங்க, சீஸே உப்புதான். மிளகை இப்பத் தட்டிப் போடுங்க, கண்ணுக்கு நல்லாத் தெரியணும், நம்ம வக்கீல் பாயிண்ட்டுக்குச் சாட்சி அதுதான். பச்சையா வேணும்னா பார்ஸ்லி தூவுங்க. கொத்தமல்லி வேண்டாம், அது உழுந்தா கதையே நம்ம ஊர்க்கதையாயிடும்.

சாறு கெட்டியாகுதேன்னு பயப்படாதீங்க, தட்டுக்குப் போறதுக்குள்ள இன்னும் கெட்டியாகும். அதனால சட்டியில கொஞ்சம் தளதளன்னு, "அய்யோ தண்ணியாயிடுச்சே"ங்கற அளவுக்கு இருக்கையிலயே எடுத்துடணும். அதுக்குத்தான் மிச்சக் கஞ்சித்தண்ணி. பக்கத்தூட்டு வெள்ளைக்காரம்மா அன்னைக்கு ஒரு போசியில கொண்டாந்து குடுத்தாங்களே, கெட்டிக் கோழி நூடுல்ஸை உருளைக்கெழங்கு மசியல் மேல ஊத்தி? இங்க ஒஹாயோ, இண்டியானா, அயோவாப் பக்கமெல்லாம் அப்படித்தானாமா. மாவுச்சத்து மேல மாவுச்சத்து. பண்ணையம் பண்றவங்க வயித்துக்குத் தெரிஞ்ச கணக்கு அது. கோதுமையும் கெழங்கும் ஒண்ணாத் தின்னுபோட்டு மத்தியானம் தூங்காம இருந்தவரு யாருன்னு கேட்டா, நான் இல்லீங்க.

மிச்சமானா என்ன பண்றதுன்னு கேக்கறீங்களா? மைக்ரோவேவ்ல வெச்சா வெண்ணெய் தனியா, கட்டி தனியாப் பிரிஞ்சுக்கும். சின்ன சட்டியில ரெண்டு கரண்டி பாலை ஊத்தி, தாழ்ந்த தீயில மெதுவாச் சூடு பண்ணணும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வெக்காதீங்க, ஃபிரிட்ஜ்ல வெய்ங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு பாப்பா அழுதா அம்முணிக்குப் பசிக்கும், அப்பக் குடுங்க. அவளுக்கு ஒரு தட்டு இப்பவே தனியா எடுத்து மூடுங்க. அமுச்சி கண்ணுல படற எடத்துல வெக்காதீங்க, என்ற கண்ணுல படற எடத்துலயும் வெக்காதீங்க.

சட்டியைக் கழுவறப்போ சுடுதண்ணி ஊத்தாதீங்க மாப்ளே. சீஸும் மாவும் சுடுதண்ணியில பசையாகி நாரு பூரா ஒட்டிக்கும். பச்சைத்தண்ணியில ஊற வெச்சுத் தேய்ங்க, அப்பறமாச் சோப்பு. நானே கழுவிக் குடுத்திருப்பனுங்க. இடுப்பு புடிச்சுக்குது. குனிஞ்சு நின்னு பாத்திரம் தேய்க்கக்கூடாதுன்னு ஈரோட்டு டாக்டர் கண்டிசனாச் சொல்லியிருக்காரு. உக்காந்து திங்கறதைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலீங்க.